உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள்: வேகக் காரில் டயர் ஒருபக்கமாய்த் தேய்வது ஏன்?

காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் டயரில் ஒரு குறையும் தெரியாது. வெளிப்பக்கக் காடியில், அதாவது ரப்பரில் வெட்டிய பள்ளத்தில், இன்னும் 6 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, கையுறை போட்டுக்கொண்டு டயருக்குப் பின்னால் கையை விட்டு உள்விளிம்பைத் தடவினால்தான் விஷயம் புரியும். அங்கே ரப்பர் முடிந்து துணி வெளியே வந்திருக்கும். சில வேளை உருக்குக் கம்பியே தட்டுப்படும். ஸ்பிரிங் மாற்றி உயரத்தைத் தாழ்த்திய சிவிக், லான்சர் எவோ, இம்ப்ரெஸா, பழைய எம் ரக பீஎம்டபிள்யூ என்று கொழும்பில் ஓடும் வேகக் கார்களின் டயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. இந்த நிலையில் தெற்கு அதிவேகப் பாதையில் மழைக்குள் 100 கிலோமீற்றர் வேகத்தில் போவது உயிரோடு விளையாடுவது.

டயர் கடையில் இதைக் காட்டினால் முதலில் வரும் பதில், "கேம்பர் கூடிப்போச்சு அண்ணே, தாழ்த்தின கார்தானே" என்பது. அது பாதி உண்மை. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்தால் மைனஸ். டயர் எந்தப் பக்கம் தேயும் என்பதில் கேம்பருக்குப் பெரிய பங்கு உண்டு. எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதைத் தீர்மானிப்பது டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேரிலிருந்து திரும்பியிருக்கும் கோணம். சக்கரத்தின் முன்பக்கம் உள்நோக்கினால் டோ இன், வெளிநோக்கினால் டோ அவுட். முன் சக்கரத்தில் மைனஸ் 2 பாகை கேம்பர் வைத்து, டோவைப் பூச்சியத்தில் வைத்திருக்கும் கார் அந்த டயரை நியாயமான தூரம் ஓட்டும். அதே கேம்பருடன் டோ அவுட் சேர்ந்தால் சில ஆயிரம் கிலோமீற்றரில் உள்விளிம்பு மொட்டையாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். சக்கரம் நேராகப் பார்க்காமல் 0.2 பாகை திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அந்த டயர் ஏறக்குறைய 3.5 மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். போய்ச் சேர்வதற்குள் டயர் 1.4 கிலோமீற்றர் தூரம் தார் மீது குறுக்காக உரசியிருக்கும். 17 அங்குல ரிம்மில் 0.2 பாகை என்பது ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையில் ஒன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம்தான். கண்ணால் பிடிக்க முடியாது.

ஆகவே இந்தக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்டுக்குப் போகுமுன் டயரை அளந்துகொள்ளுங்கள். தேவைப்படுவது ஆழம் அளக்கும் சிறிய கேஜ், காற்றழுத்த மீற்றர், சோக்கட்டி, டோர்ச், ஒரு கொப்பி. ஒவ்வொரு டயரிலும் உள்காடி, நடுக்காடி, வெளிக்காடி என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றி மூன்று புள்ளிகளில் சோக்கால் குறியிட்டு அங்கெல்லாம் இதையே செய்யுங்கள். டயருக்கு 9, காருக்கு 36 அளவுகள் கிடைக்கும். காடிக்குள் குறுக்கே ஓடும் தேய்வு அடையாள மேட்டின் மேல் கேஜை வைக்கக்கூடாது. அந்த மேடு 1.6 மில்லிமீற்றர் உயரம், அளவைப் பொய்யாக்கும். திகதியையும் ஓடிய தூரத்தையும் சேர்த்து எழுதுங்கள். டயரின் பக்கச்சுவரில் டொட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அலைன்மென்ட் சரியாக இருந்தாலும் இறுகிப்போன பழைய ரப்பர் ஒழுங்காகத் தேயாது.

ஓர் உதாரணம். புதிதில் 7.5 மில்லிமீற்றர் இருந்த டயர், 12,000 கிலோமீற்றர் ஓடிய பின் உள்ளே 3.0, நடுவில் 5.5, வெளியே 6.0 காட்டுகிறது. வெளிவிளிம்பு 1.5 மில்லிமீற்றர் இழந்த நேரத்தில் உள்விளிம்பு 4.5 இழந்திருக்கிறது. அதாவது 2,700 கிலோமீற்றருக்குள் ஒரு மில்லிமீற்றர். தேய்வு அடையாள மேட்டின் 1.6ஐத் தொட இன்னும் 1.4தான் மீதி, 3,700 கிலோமீற்றரில் அந்த டயர் முடிந்தது. வெளிவிளிம்பை மட்டும் பார்ப்பவர் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று நினைத்திருப்பார். உள்ளும் வெளியும் அரை மில்லிமீற்றர் வித்தியாசப்பட்டால் நான் கவலைப்படமாட்டேன். ஒரு மில்லிமீற்றர் என்றால் காரணம் தேட வேண்டும். இரண்டைத் தாண்டினால் காரைத் தூக்கிப் பார்க்காமல் நீண்ட பயணம் போகக்கூடாது.

அளந்த பிறகு தடவல். இதற்குக் கருவி வேண்டாம், உள்ளங்கை போதும். கம்பி வெளியே வராத டயரில் மட்டும், டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியாகவும், வெளியிலிருந்து உள்ளாகவும் மெதுவாகத் தடவுங்கள். இரண்டு திசையிலும் வழுவழுப்பாக, ஒரே சரிவாக உள்பக்கம் இறங்கினால் அது கேம்பர். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் அரம் போல் கையைப் பிடித்தால் அது டோ. கையை வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளும்போது கூர் பிடித்தால் டோ அவுட். உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது பிடித்தால் டோ இன். டயர் தார் மீது எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்க விளிம்பு மழுங்கி, எதிர்ப்பக்க விளிம்பு கூராக மிஞ்சுவதுதான் காரணம். உள்விளிம்பு தேய்ந்தும் இருக்கிறது, உள்நோக்கித் தள்ளும்போது கையையும் பிடிக்கிறது என்றால் கேம்பரும் டோ அவுட்டும் சேர்ந்திருக்கின்றன. தாழ்த்திய கார்களில் அதிகம் காணப்படுவது இதுதான்.

தாழ்த்தினால் டோ ஏன் மாறுகிறது? சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் ஒரு வட்டத்தில் ஆடுகிறது, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ரொட் இன்னொரு வட்டத்தில் ஆடுகிறது. கம்பனி வைத்த உயரத்தில் இரண்டும் ஒத்துப்போகும்படி வடிவமைத்திருப்பார்கள். 40 மில்லிமீற்றர் இறக்கியதும் அந்த ஒத்திசைவு கெட்டுப்போகிறது. டை ரொட்டை அசைக்கும் ஸ்டியரிங் ரெக்கை உயரத்தில் பொருத்திய ஹொண்டா சிவிக் ஈபீ3, இன்டெக்ரா டீசீ5 கார்களில் இது நன்றாகவே தெரிந்த குறை. இறக்கினாலே முன் சக்கரங்கள் டோ அவுட் ஆகின்றன. ஸ்பிரிங் மாற்றிய அன்றே அலைன்மென்ட் செய்வது போதாது. புது ஸ்பிரிங் 500 முதல் 1,000 கிலோமீற்றர் ஓடி இன்னும் கொஞ்சம் அமர்ந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சையாக இருக்கும்போதும் உள்விளிம்பு தேய்ந்துகொண்டே போவது உண்டு. பலர் அப்போது டயர் கம்பனியையோ மெஷினையோ குறை சொல்கிறார்கள். அந்தத் தாள் நிற்கும் காரைத்தான் அளக்கிறது, டயரோ ஓடும் காரில் தேய்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் அக்சிலேட்டர் மிதிக்கும்போதும் சக்கரத்தை அதன் இடத்தில் வைத்திருப்பது, ஆர்ம்கள் காரோடு சேரும் இடத்திலுள்ள புஷ் ரப்பர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அதனால் இங்குள்ள வேகக் கார்களில் பலவற்றுக்குப் பதினைந்து, இருபது வயது. மாற்றாமல் விட்ட புஷ்ஷுக்கும் அதே வயது.

எந்தக் காரில் எந்த புஷ் என்பதும் ஓரளவு தெரிந்ததே. ஈ46 பீஎம்டபிள்யூவில் முன் லோவர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷும், பின்னால் ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்ஷும். ஈகே சிவிக், டீசீ2 இன்டெக்ராவில் முன் லோவர் ஆர்மைப் பின்னால் தாங்கும் பெரிய புஷ். எவோவிலும் இம்ப்ரெஸாவிலும் முன் லோவர் ஆர்மின் பின் புஷ். இவை கிழிந்தால் பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் சில மில்லிமீற்றர் பின்னுக்குப் போகும், டோ நிலைகொள்ளாது. பேஸ்லைன் வீதியில் பத்து மீற்றருக்கு ஒருமுறை பிரேக் பிடிக்கும் காரில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

சோதிப்பது இப்படி. ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டான்ட் வைத்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா? இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பெயரிங், நிற்காவிட்டால் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் போல் ஜொயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ரொட் எண்ட், அல்லது ரெக்குக்குள் இருக்கும் ஜொயின்ட். பிறகு புஷ்ஷுக்குப் பக்கத்தில் கடப்பாரைக் கம்பியை நெம்பி, ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் சிறு வெடிப்பு பரவாயில்லை; உள்வரை கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். ஓட்டோ கியர் காரில் இன்னொரு வழி உண்டு: காரை ஸ்டான்டிலிருந்து தரையில் இறக்கிய பின், ஒருவர் பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி டீயிலிருந்து ஆருக்கு மாற்றட்டும், நீங்கள் பக்கத்திலிருந்து சக்கரத்தைக் கவனியுங்கள். மட்கார்ட் வளைவுக்குள் சக்கரம் முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரியும். காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது.

மாற்றும்போது நடக்கும் ஒரு தவறு புதுப் புஷ்ஷை ஒரே வருடத்தில் கொன்றுவிடுகிறது. கார் தூக்கிய நிலையில், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்குவதுதான் அது. ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுகுகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் அது நிரந்தரமாக முறுகியபடியே நிற்கும், பிறகு கிழியும். கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கு. கராஜில் பக்கத்தில் நின்று இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த லோவர் ஆர்மைப் புஷ்ஷுக்காக வாங்க வேண்டாம். இரும்பு நன்றாக இருக்கும், அதிலுள்ள ரப்பர் உங்களுடையதைவிடப் பழையதாக இருக்கக்கூடும்.

புஷ்ஷும் ஜொயின்டும் சரியான பிறகே அலைன்மென்ட். ஆட்டமுள்ள காரில் செய்வது காசை வீசுவது. போகுமுன் நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்யுங்கள், பூட்டில் கிடக்கும் பாரத்தை இறக்குங்கள், டேங்கைப் பாதியாவது நிரப்புங்கள். அங்கே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சென்சரை மாட்டியதும் காரை உருட்டி ரிம் வளைவைக் கழிக்கிறார்களா? கொழும்பு வீதிக் கிடங்குகளில் வளையாத ரிம் குறைவு. அதைக் கழிக்காவிட்டால் டோ அளவே பொய். இரண்டாவது, பின் சக்கரத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். "முன்னுக்கு டோ மட்டும் போதும்" என்பார்கள். "தம்பி, முதல்ல பின்னுக்குச் சரியாக்கிட்டு முன்னுக்கு வாங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். பின் சக்கரங்கள் கோணலாகத் தள்ளினால், முன்னால் என்ன செய்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது. மூன்றாவது, செய்வதற்கு முந்திய அளவும் பிந்திய அளவும் இருக்கும் தாளைக் கேட்டு வாங்குங்கள். முந்திய அளவு உங்கள் டயர் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும். டயர் டோ அவுட் என்று சொல்லி, தாள் டோ சரி என்று சொன்னால், ஓடும்போது எதுவோ நகர்கிறது. புஷ்ஷுக்குத் திரும்பிப் போங்கள்.

பச்சை நிறத்தை நம்பாதீர்கள், எண்ணைப் படியுங்கள். கம்பனி அனுமதிக்கும் எல்லை அகலமானது. அதன் ஓரத்தில் நிற்கும் எண்ணும் பச்சைதான். அன்றாடம் ஓடும் வேகக் காருக்கு நான் விரும்பும் அளவுகள் இவை: முன்னால் கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5 பாகை, டோ பூச்சியத்திலிருந்து சக்கரத்துக்கு 0.05 பாகை இன் வரை. பின்னால் கேம்பர் மைனஸ் 1.5க்குள், டோ சக்கரத்துக்கு 0.05 முதல் 0.10 பாகை இன். இடது, வலது கேம்பர் வித்தியாசம் 0.3 பாகையைத் தாண்டக்கூடாது. கட்டுக்குருந்தைப் பந்தயப் பாதைக்கு அடிக்கடி போகிறவர் முன் கேம்பரை மைனஸ் 2.5க்குக் கொண்டுபோவதில் நியாயம் உண்டு. பந்தயப் பாதையில் கேம்பர் போதாவிட்டால் வெளித்தோள், அதாவது டயரின் வெளிப்பக்க ஓரம், உருகி உருண்டு போகும். அப்படிப்பட்டவர் டோவை இன்னும் கறாராகப் பூச்சியத்தில் வைத்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே டோவைச் சரிபார்க்க நூல் போதும். சமதரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்து, காரின் இரு பக்கமும் ஹப் (சக்கர நடு) உயரத்தில் ஸ்டான்டுகளுக்கு இடையே நூலை இழுத்துக் கட்டுங்கள். முன் ஹப் மையத்திலிருந்து நூலுக்குள்ள தூரம் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின் ஹப்பிலும் அப்படியே. முன்னும் பின்னும் தமக்குள் வேறுபடலாம், இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் முன்னே வேறு, பின்னே வேறு என்பதால். அத்தோடு முன்னேயும் பின்னேயும் இரண்டு நூல்களுக்கு இடைப்பட்ட தூரம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் நூல்கள் இணையானவை. இனி ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நூலுக்கு ஓர் அளவு, பின்விளிம்பிலிருந்து ஓர் அளவு. 17 அங்குல ரிம்மில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் ஏறக்குறைய 0.13 பாகை. முன்விளிம்பு நூலுக்குக் கிட்ட இருந்தால் டோ அவுட்.

இந்த ஊருக்கே உரிய ஒன்று இடது முன் டயர். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வீதி இடது ஓரத்துக்குச் சரிகிறது. கானின் இரும்பு மூடியும், உடைந்த விளிம்பும், ஓரம் கட்டும்போது உரசும் நடைபாதைக் கல்லும் அந்தப் பக்கம். சுற்றுவட்டங்களில் வலப்பக்கமாகவே சுற்றுவதால் காரின் பாரம் இடது டயர்களில் விழுகிறது. இடது முன் டயரின் வெளித்தோள் வலதைவிட அரை மில்லிமீற்றர் கூடுதலாகத் தேய்வது இயல்பு. இடது டயர் மட்டும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசப்பட்டால் வளைந்த லோவர் ஆர்மையோ ஷொக் அப்சோபர் அடங்கிய ஸ்ட்ரட்டையோ சந்தேகியுங்கள். வெள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாத கிடங்கில் விழுந்த காரில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு தோளும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் கூடுதல். பின்சக்கரம் இழுக்கும் பலமான காரில், ஒடுங்கிய ரிம்மில் அகன்ற டயர் போட்டாலும் நடுதான் தேயும். வெப்பநிலை 5.5 பாகை செல்சியஸ் மாறினால் அழுத்தம் சுமார் 1 பீஎஸ்ஐ மாறும். மத்தியான வெயிலில் ஓடிவந்து பெற்றோல் செட்டில் 36 காட்டுகிறது என்று 32க்கு இறக்குபவரின் டயரில் மறுநாள் காலை 28தான் இருக்கும். காலையில், கார் நகருமுன், சொந்த மீற்றரால் அளப்பதே சரி.

சுற்றிவர ஆங்காங்கே கிண்ணம் போல் குழிவிழுந்த தேய்வு வேறு கதை. அது ஷொக் அப்சோபர் செத்ததற்கோ, பலன்ஸ் இல்லாததற்கோ, பெயரிங் ஆட்டத்துக்கோ அடையாளம். ஒரே ஒரு தட்டையான இடம் மட்டும் என்றால் சக்கரம் பூட்டி இழுபட்ட பிரேக். முன்சக்கரம் இழுக்கும் கார்களின் பின் டயரில், ஒவ்வொரு ரப்பர்க் கட்டமும் ஒரு முனை உயர்ந்து மறு முனை தாழ்ந்து படிக்கட்டு போல் தேயும். அது எழுப்பும் ஊளைச் சத்தத்தைக் கேட்டுப் பெயரிங்கை மாற்றியவர்கள் உண்டு. பெயரிங்கைக் கழற்றுமுன் முன், பின் டயர்களை இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தம் முன்னுக்கு வந்தால் டயர்தான்.

நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களுக்கு இன்னொரு கட்டுப்பாடு. நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீற்றருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாருவின் விதி. ஆழத்தில் அது ஒரு மில்லிமீற்றர்தான். ஒரு டயர் மட்டும் ஒருபக்கமாய்த் தேய்ந்து, அதை மட்டும் புதிதாக மாற்றினால் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறும். மூன்று டயர் மிச்சம் பிடித்து கியர்பொக்ஸுக்குக் காசு கட்ட வேண்டிவரும்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு, உள்விளிம்பில் 3 மில்லிமீற்றருக்கு மேல் மீதியிருந்து, டயர் ஒரே திசையில் சுழலும் அம்புக்குறி வகை என்றால், அதன் ஆயுளைக் கொஞ்சம் நீட்டலாம். ஒரே அளவிலுள்ள இடது, வலது டயர்களை ரிம்மிலிருந்து கழற்றி, இடது டயரை வலது ரிம்மிலும் வலது டயரை இடது ரிம்மிலும் அம்புக்குறி சரியாக வரும்படி ஏற்றுங்கள். சுழலும் திசை மாறாது, தேய்ந்த உள்விளிம்பு வெளியே வந்துவிடும். பலன்ஸ் மறுபடி செய்ய வேண்டும். வெளிப்பக்கம், உள்பக்கம் என்று பக்கச்சுவரில் எழுதியிருக்கும் டயர்களில் இதைச் செய்யக்கூடாது. அவற்றின் வெளித்தோள் வளைவில் பாரம் தாங்குவதற்கென்றே தனியாக வார்க்கப்பட்டது.

அதன்பின் 1,000 கிலோமீற்றரில் ஒருமுறை, 3,000த்தில் ஒருமுறை அதே சோக்குக் குறிகளில் மீண்டும் அளந்து, பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். தேய்ந்த டயரில் பழைய கூர்கள் மறையக் கொஞ்சம் தூரம் ஓட வேண்டும். முதல் சில நூறு கிலோமீற்றரில் கை இன்னும் பிடித்தால் பதற்றப்பட வேண்டாம். 3,000த்திலும் உள்காடி வெளிக்காடியைவிட இருமடங்கு வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தால் காரை மறுபடி ஸ்டான்டில் ஏற்றி, புஷ்ஷிலிருந்து தொடங்குங்கள்.